பின்னால் உட்கார்ந்தவரின் கால்

"மாமா, நான் காலை எங்கே வைக்கிறது?"

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மருமகள் கேட்ட பிறகுதான் புல்லட்டைச் சரியாகப் பார்த்தேன். என் மகன் இரண்டு மாதமாக அதைப் பிரித்து மேய்ந்து, பச்சை பெயிண்ட் அடித்து, பழைய மிலிட்டரி வண்டி போல ஆக்கியிருந்தான். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், பின்னால் கேரியர் மேல் சின்னதாக ஒரு மெத்தை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் உட்காருகிறவருக்கு ஃபுட்ரெஸ்ட் இல்லை. கழற்றிய ஜோடியை எங்கே போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை.

நான் நாற்பது வருடம் லேத்து ஓட்டியவன். துவாக்குடியில் பாய்லர் ஆலைக்கு ஜாப் வேலை செய்த பட்டறைகளில் கை பழகி, பிறகு அரியமங்கலத்தில் சொந்தமாக ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கேஸ் வெல்டிங் செட் என்று உட்கார்ந்தேன். பம்பு ஷாஃப்ட், புஷ், கரும்பு ஆலைச் சாமான் என்று என்னென்னவோ கடைந்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் எல்லாவற்றையும் மிஞ்சியது லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்தான். பைக்கின் இடது பக்கம், சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிற பெண் இரண்டு காலையும் வைத்துக்கொள்ள ஒரு தட்டை மிதி. மருமகள் கேட்டது எனக்கு வீட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை, தொழில் கேள்வியாகத்தான் பட்டது. அவளுக்கு ஒரு புது ஜோடியை மாட்டி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இடையில் இருந்த நாட்களில் இந்தச் சாமானின் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

கதை மோட்டாருக்கு முன்பே தொடங்குகிறது. ஐரோப்பாவில் குதிரைச் சேணத்துக்குப் பின்னால் ஒரு திண்டைக் கட்டி, அதில் பெண்ணை ஒரு பக்கமாக உட்கார வைத்து, முன்னால் ஆண் ஓட்டிப் போகும் வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. அந்தத் திண்டுக்குப் பெயர்தான் 'பில்லியன்'. தோலைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த வார்த்தை. இன்றைக்கு நம் போக்குவரத்துக் காவலர் ரசீதில் எழுதுகிற பில்லியன் அதே பில்லியன்தான். திண்டோடு கூட, பெண்ணின் இரண்டு பாதமும் ஊன்ற ஒரு சிறு மரப்பலகையை வாரில் கோத்துத் தொங்க விட்டிருப்பார்கள். அதன் படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அரியமங்கலத்தில் நான் ஆறு மில்லி தகட்டில் வெட்டிப் பற்றவைத்தது, அகலம் நீளம் உட்பட, ஏறக்குறைய அதே பலகை. யாரும் எனக்கு அந்தப் படத்தைக் காட்டிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்த உடம்பு கேட்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிள் வந்தபோது இந்தப் பலகை காணாமல் போனது. 1885-ல் ஜெர்மனியில் டைம்லர் செய்த மரச் சட்ட வண்டியில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம். அடுத்த இருபது, இருபத்தைந்து வருடம் இன்னொருவரைக் கூட்டிப்போக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பின்னால் ஒரு சின்ன இழுவை வண்டி கட்டினார்கள். அதில் உட்கார்ந்தவர் வழி முழுக்கத் தூசி தின்றார். முன்னால் நாற்காலி வைத்தார்கள். மோதினால் முதல் அடி அவருக்கு. கடைசியில் பக்கவாட்டில் சைடுகார் நிலைத்தது. அதற்குக் கையில் காசு இல்லாதவர்கள் கேரியர் மேல் ஒரு மெத்தையைக் கட்டினார்கள். அந்த மெத்தைக்கு இங்கிலாந்தில் 'ஃபிளாப்பர் பிராக்கெட்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஃபிளாப்பர் என்றால் அந்தக் காலத்தில் கட்டுப்பெட்டியாக இல்லாத இளம்பெண். அவளைத் தாங்கும் பிராக்கெட்டாம். அவள் காலைத் தாங்க ஒன்று வேண்டும் என்று அந்தப் பட்டப்பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றியதா என்பதுதான் என் கவலை. சட்டக் குழாயைச் சுற்றிக் கவ்வும் மிதிகளைத் தனியாக வாங்கி, வீட்டிலேயே ஸ்பேனர் பிடித்து மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் வைத்து மாட்டுவது என்பது அந்த வகையில் இந்தச் சாமானின் பிறவிக் குணம்.

1930-ல் இங்கிலாந்து ஒரு சாலைப் போக்குவரத்துச் சட்டம் போட்டது. ஓட்டுகிறவர் தவிர ஒரே ஒருவர்தான் ஏறலாம். அவரும் வண்டியில் உறுதியாகப் பொருத்திய சீட்டில், ஓட்டுநருக்குப் பின்னால், இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் குற்றம். ஒன்பது வருடம் கழித்து, 1939-ல் இந்தியாவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் 85-ஆம் பிரிவு கிட்டத்தட்ட அதே வாக்கியம். ஒரே ஒருவர், உறுதியான சீட், ஓட்டுநருக்குப் பின்னால். 'இரண்டு பக்கமும் கால் போட்டு' என்பது மட்டும் அதில் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு தடவை படித்தேன். அந்தச் சொல் மட்டும் இங்கேயும் இருந்திருந்தால் புருஷன் வண்டியில் சேலை கட்டிப் போன ஒவ்வொரு பெண்ணும் சட்டத்தை மீறியவள் ஆகியிருப்பாள். 1988-ல் வந்த புதிய சட்டத்தின் 128-ஆம் பிரிவிலும் அந்தச் சொல் இல்லை. ஆக, நம் ஊரில் ஒரு பக்கமாக உட்காருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த உட்காருதலுக்கு ஏற்ற வண்டியை யாரும் செய்து அனுப்பவும் இல்லை.

எங்கள் வீட்டு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. ஊசி செய்த கம்பெனி சைக்கிள் பாகத்துக்கு மாறி, பிறகு சைக்கிளுக்கு வந்து, 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்தது. 1952-ல் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் கேட்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் ஆர்டர் கொடுத்தது. 1955-ல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. பனிக்காட்டுக்கும் மணல்காட்டுக்கும் சிப்பாய் ஓட்டிப்போக எடுத்த வண்டி அது. அதன் பின்சீட்டில் யாராவது உட்கார்ந்தால் கால்சட்டை போட்ட இன்னொரு சிப்பாய் உட்காருவார். ஃபுட்ரெஸ்ட்டும் அவர் காலுக்கு ஏற்றதுதான்: கட்டைவிரல் கனத்தில் உருளை, மேலே ரப்பர் உறை, பக்கத்துக்கு ஒன்று.

நான் 1981-ல் ஏலத்தில் எடுத்தது போலீஸ் கண்டம் பண்ணின வண்டி. பின்பக்கம் கேரியர் மட்டும். ஃபிரேமில் ஃபுட்ரெஸ்ட் மாட்டக் காது இருந்தது, ஃபுட்ரெஸ்ட் இல்லை. கல்யாணமானபோது ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். அதோடு கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சேலை கட்டியவர் நம் ஊரில் இடது பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். சாலையில் நாம் இடது ஓரம் போகிறோம். ஏறவும் இறங்கவும் அந்தப் பக்கம்தான் பத்திரம். புல்லட்டில் சைலன்சர் வலது பக்கம், அதனால் சூடும் படாது. இது வரைக்கும் சரி. ஆனால் அந்த உருளை ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு பாதத்தின் குதிகால்தான் நிற்கும். மற்ற கால் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற கால் இடுப்பை இழுக்கும். இடுப்பு சீட்டில் வழுக்கும். அதைத் தடுக்க அவர் ஒரு கையால் ஓட்டுகிறவர் தோளையும் மறு கையால் கேரியரையும் பிடித்துக்கொள்வார். சேலையைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பழைய புல்லட்டில் பின் சக்கரத்துக்குப் போகிற செயின் ஓடுவது இடது பக்கம். அதாவது சேலை தொங்குகிற அதே பக்கம். ஜாவா, எஸ்டி வண்டிகளில் செயினுக்கு முழு மூடி உண்டு. புல்லட்டில் மேலே மட்டும் ஒரு கார்டு.

1983 தை மாதம், சமயபுரம் போய்விட்டுத் திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் என் மனைவியின் முந்தானை செயினுக்குள் போனது. முன்னால் ஒரு மாட்டு வண்டி போனதால் நான் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன், அதுதான் காப்பாற்றியது. "என்னங்க" என்று ஒரே ஒரு சத்தம். வண்டி நின்றபோது அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ஆறு தையல். சேலையைப் பல்சக்கரத்திலிருந்து வெட்டித்தான் எடுத்தோம். எங்கள் தெருவில் இதே மாதிரி விழுந்து எழுந்திருக்காமலே போனவர்களும் உண்டு. நான் இரும்பு வேலை தெரிந்தவன், என் பெண்டாட்டிக்குக் கால் வைக்க இடம் செய்யாமல் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்த எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அடுத்த வாரமே அவளுக்கு ஒன்று செய்தேன். எட்டு அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலத்தில் ஆறு மில்லி தகடு. மேலே வழுக்காமல் இருக்க உளியால் குறுக்கு மறுக்காகக் கோடு வெட்டி, சைக்கிள் டயர்த் துண்டை ரிவிட் அடித்தேன். தகட்டைத் தாங்க மேலே ஏறும் ஒரு கனத்த பட்டை. அது ஃபுட்ரெஸ்ட் காதிலேயே போல்ட்டில் பிடிக்கும். பின் சக்கரத்துக்கு இடது பக்கம், ஸ்போக்ஸையும் செயினையும் மறைக்கிற மாதிரி எட்டுக் கம்பி வளைத்து ஒரு சாரி கார்டு. மட்கார்டு தாங்கியிலும் சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் பிடித்துவிட்டேன். பட்டறைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். "நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுத் தாங்கண்ணே" என்றார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. அதே காலத்தில் எல்லா ஊரிலும் யாரோ ஒரு வெல்டர் இதைச் செய்துகொண்டிருந்தார். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் குரோமியம் முலாம் பூசித் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ராஜ்தூத்துக்கு ஒரு மாதிரி, எஸ்டிக்கு ஒரு மாதிரி, சேத்தக் ஸ்கூட்டருக்குக் கூட ஒன்று.

ஆனால் கடையில் தொங்குவது ஒரே அளவு. ஆட்கள் ஒரே அளவு இல்லையே. மிதி உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கி மேலே ஏறும், உடம்பு பின்னால் சாயும். தாழ்வாக இருந்தால் நுனிக்கால் மட்டும் தொட்டு, பாதம் வழுக்கும். அதனால் வண்டியை மட்டும் கொண்டுவந்த ஆளிடம் "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்பேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. கரியும் எண்ணெயுமாகக் கிடக்கிற பட்டறைக்குப் பொம்பளையைக் கூட்டி வருவதா என்று தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சணல் கயிறு கொடுத்தனுப்புவேன். ஓர் உயரமான பெஞ்சில் அவரை உட்கார வைத்து, பெஞ்சு விளிம்பிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டு வாருங்கள் என்பேன். மறுநாள் முடிச்சோடு கயிறு வரும். பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் அப்படி ஒரு கொத்துக் கயிறு தொங்கியது. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் உண்டு, அதில் ஓனர் பெயர் உண்டு. பின்னால் உட்கார்ந்தவரைப் பற்றி அந்த வண்டி சம்பந்தமாக இருந்த ஒரே பதிவு என் ஆணியில் தொங்கிய கயிறுதான்.

அது எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது ஆள் தன் முழு எடையையும் அந்தத் தட்டில்தான் போடுவார். ஓடும்போது புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் அதிர்ந்துகொண்டே இருக்கும். தட்டும் பட்டையும் சேரும் மூலையில்தான் வெல்டிங் முதலில் கீறல் விடும். முதல் வருடம் செய்ததில் சிலவற்றில் அப்படி விட்டுத் திரும்பி வந்தன. பிறகு மூலையில் முக்கோணமாக ஒரு முட்டு வைத்தேன். அதற்கப்புறம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

எண்பதுகளில் இன்னொரு மாற்றமும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. அதுவரை மொபெட் என்றால் ஒருவர் போகிற வண்டி. 1972-ல் வந்த லூனாவில் பின்னால் இருந்தது சாமான் வைக்கும் கேரியர். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 இறங்கியது. இந்தியாவில் இரண்டு பேர் போகலாம் என்று செய்த முதல் மொபெட். பெரிய இன்ஜின் இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் பின்னால் இன்னோர் ஆள் உண்டு என்று வரைபடம் போடும்போதே நினைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த பால்காரரும் பூக்காரரும் மனைவியை அதில்தான் ஏற்றி வந்தார்கள்.

சட்டம் கடைசியாக வந்து சேர்ந்தது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி: பின்னால் ஆள் உட்கார இடம் வைத்த எந்த மோட்டார் சைக்கிளுக்கும் நிரந்தரக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நான் 1983-ல் என் பட்டறையில் வளைத்த எட்டுக் கம்பி ஆறு வருடம் கழித்து மத்திய அரசின் விதியானதைப் படிக்கும்போது மார்பு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. விதி வந்தும் அதைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் இரு பக்கமும் வேண்டும் என்றும் இடது பக்கம் சக்கரத்தில் பாதி மூடியிருக்க வேண்டும் என்றும் திரும்பவும் சொன்னது. ஷோரூமிலிருந்து இறக்கியதும் இளைஞர்கள் முதலில் கழற்றுவது சாரி கார்டைத்தான். அழகு கெடுகிறதாம். என் மகனும் அவர்களில் ஒருவன் என்பதில் எனக்கு வருத்தம்.

இனி எங்கள் வீட்டு வாசல். முதல் ஞாயிறு ஃபிரேமில் இருந்த காதைத் துடைத்துப் பார்த்தேன். வலது காது நன்றாக இருந்தது. இடது காதில் பழைய போல்ட் துருப்பிடித்து உள்ளேயே நின்றது. மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்து, மறுநாள் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டித் தட்டி எடுத்தேன். அவசரப்பட்டு ஸ்பேனரைத் தொங்கவிட்டால் தலை முறிந்துவிடும். இரண்டாவது ஞாயிறு மகன் கடையில் வாங்கி வந்த ஜோடியை வைத்துப் பார்த்தால் போல்ட் சேரவில்லை. கடைக்காரர் கொடுத்தது மில்லிமீட்டர் மரை. பழைய புல்லட்டில் பல இடத்தில் சைக்கிள் மரைதான், அங்குலத்துக்கு 26. சைக்கிள் செய்தவர்கள் மோட்டார் சைக்கிள் செய்ததன் மிச்சம் அது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறும், பிறகு கடிக்கும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பட்டறையை இப்போது நடத்துகிற என் சிஷ்யனிடம் போய், நானே லேத்தில் நின்று இரண்டு போல்ட் கடைந்து வந்தேன்.

மாட்டும்போது மகனுக்குச் சொல்லிக்கொண்டே செய்தேன். மிதி மடங்க வேண்டும்; மேலேயும் பின்னாலேயும் மடங்க வேண்டும். வண்டி சாய்ந்தோ கல்லில் இடித்தோ மிதி அடிபட்டால் மடங்கிக் கொடுக்கும். முன்பக்கம் மடங்கும்படி மாற்றி மாட்டினால் குத்தி நிற்கும். இடது வலது மாறிப்போவது அதனால்தான் ஆபத்து. வலது பக்கம் கிக்கரை முழுக்க மிதித்து, மிதியில் இடிக்கிறதா என்று பார். ஸ்பிரிங் வாஷரை மறக்காதே. இந்த அதிர்வுக்கு வெறும் நட்டு நிற்காது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை திரும்ப இறுக்கு.

மூன்றாவது ஞாயிறு மருமகள் சுடிதாரோடு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். பாதம் முழுக்கப் படிந்தது. "இப்ப சரியா இருக்கு மாமா" என்றாள். தெருக்கோடி வரை போய் வந்தார்கள்.

என் மனைவி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு ஆச்சு. எனக்கு?" என்றாள். ஐந்தாறு வருடமாக அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்த பழைய தட்டையும் சாரி கார்டையும் இறக்கினேன். டயர்த் துண்டு பொடியாக உதிர்ந்தது. இரும்பு அப்படியே இருந்தது. "அப்பா, மிலிட்டரி வண்டியில போய் இதை மாட்டினா..." என்று மகன் தொடங்கினான். அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, கம்பி பிரஷ்ஷை எடுத்துத் துருவைத் தேய்க்க உட்கார்ந்தான்.

அவளை மர ஸ்டூலில் உட்கார வைத்துச் சணல் கயிறு பிடித்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய அளவு இப்போது ஒத்து வரவில்லை. முழங்கால் வலி; முன்பு போல மடக்கி வைக்க முடியவில்லை. தட்டு ஒன்றரை அங்குலம் கீழே இறங்கினால்தான் கால் நீட்டி உட்கார முடியும். கயிற்றில் புது முடிச்சைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, பட்டையை வைஸில் கவ்வினேன். பழைய துளைக்கு ஒன்றரை அங்குலம் மேலே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, சென்டர் பஞ்சை அதன் மேல் நிறுத்தி, மகனிடம் சுத்தியலைக் கேட்டேன்.